பாஸ்வேர்டைக் காத்த எஸ்தர் அக்கா

எஸ்தர் அக்கா மாரடைப்பில் இறந்த செய்தி எங்கள் நிலையத்தின் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. அடுத்த நிமிடமே, ‘நம் நிலையத்தின் தூண் சாய்ந்தது’ என்று மேலாளர் எழுதினார். எனக்கு அருவருப்பாக இருந்தது. அந்தத் தூணைப் பிடுங்கி எறிந்தவரே அவர்தான். அக்காவை அறிந்த உங்களுக்கு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

திருத்தணியில் உள்ள எங்கள் ரத்தப் பரிசோதனை நிலையத்தின் கணினிகளைக் கவனித்துக்கொள்ள அக்கா தினமும் பொதட்டூர்பேட்டையிலிருந்து பஸ்ஸில் வருவார். வைஃபை போட்டபோது எக்ஸ்ரே அறையைத் தாண்டி சிக்னல் போகவில்லை. கையில் போனோடு அறை அறையாக நடந்து பார்த்து, பீரோவுக்குப் பின்னால் இருந்த ரவுட்டரை வராந்தாவில் உயரமான இடத்துக்கு மாற்றினார். எங்களுக்கு ஓர் இணைப்பு, காத்திருப்பவர்களுக்குத் தனியாக இன்னொன்று. “ஜனங்க வீடியோ பார்த்துகினு இருக்கிற வழியில ரிப்போர்ட் போகக்கூடாதுங்க” என்றார்.

ஆடிக் கிருத்திகைக்குக் காவடியோடு வந்த மேலாளரின் உறவினர்களுக்கு காத்திருப்பவர்களுக்கான இணைப்பு மெதுவாக இருந்ததாம். மேலாளர் எங்கள் இணைப்பின் பாஸ்வேர்டை அச்சடித்து வரவேற்பு மேசையில் ஒட்டினார். அக்கா அதைக் கிழித்துப்போட்டுவிட்டு பாஸ்வேர்டை மாற்றினார். “ஒரு பாஸ்வேர்டுக்கு இவ்ளோ ராங்கியா?” என்று எல்லார் முன்னாலும் கத்திய மேலாளர், புதியதையும் மிரட்டி வாங்கி ஒட்டினார். நானும் யோக்கியமில்லை. அதை என் தம்பிக்குச் சொன்னேன்.

அந்த இணைப்பில் நுழைந்த யாரோ ரிப்போர்ட்டுகளைத் திறந்துவிட்டார்கள். கல்யாணமாகாத ஒரு பெண்ணின் கர்ப்பப் பரிசோதனை முடிவு அவள் தெரு முழுக்க போன் போனாகச் சுற்றியது. அவள் கல்லூரிக்குப் போவதையே நிறுத்திவிட்டாள். ‘எஸ்தரின் அலட்சியமே காரணம்’ என்று மேலாளர் எழுதி நீட்டிய கடிதத்தில் நாங்கள் ஏழு பேரும் கையெழுத்துப் போட்டோம்.

அக்கா அதைப் படித்தார். “அந்தப் பொண்ணு வூட்டுக்கு யாராச்சும் போனீங்களா?” என்று மட்டும் கேட்டார். வேலையை விட்டுவிட்டு, பையை எடுத்துக்கொண்டு, நேராக அங்கேதான் போனார்.

அடக்கத்தின்போது மேலாளர் மாலை வைத்துவிட்டுக் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்தக் கண்ணில் ஈரமே இல்லை. அருகில் நின்ற என் மீதும் எனக்கு அதே அருவருப்புதான்.

மறுநாள் அந்தப் பெண்ணின் வீட்டுக் கதவைத் தட்டினேன். அவள் அம்மா வந்தார். “எஸ்தரம்மா அப்பவே வந்து, பாஸ்வேர்டை விட்டுக்கொடுத்தது தன் தப்புன்னு சொல்லிட்டுப் போனாங்க. நீ யாரும்மா?”

“அவங்க மேல பொய்யா கையெழுத்துப் போட்டவங்கள்ல ஒருத்திங்க.”

உள்ளே கூப்பிடவில்லை, கதவைச் சாத்தவும் இல்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்.

செய்த தப்பை, அதனால் அடிபட்டவரின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அது ஒன்றுதான். அவர் உயிரோடு இருந்தபோது அவரிடமே அதைச் செய்திருக்க வேண்டும்.