கால் அறியாத ஆணி

தபால்காரருக்கு உட்காரத் தெரியாது என்று அலுவலகத்தில் கேலி செய்வார்கள். சாப்பாட்டைக்கூட நின்றபடியே முடித்துவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

ஒருநாள் மத்தியானம் வீட்டுக்கு வந்தவரை மனைவி ஏற இறங்கப் பார்த்தாள். "ஒத்தச் செருப்போட எங்க சுத்திட்டு வர்றீங்க?"

குனிந்து பார்த்தார். இடது கால் வெறுங்கால். எந்தத் தெருவில் கழன்றது என்று அவருக்கே தெரியவில்லை.

சில மாதமாகவே அந்தப் பாதம் மரத்திருந்தது, படியேறினால் தடுக்கியது. முதுகுத்தண்டில் நரம்பு நசுங்கியிருக்கும் என்று ஒரு மருத்துவர் இடுப்புக்குப் பெல்ட் மாட்டிவிட்டார். ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் தண்டுவடத்தில் ஒரு குறையும் இல்லை. தபால்காரருக்கோ இருப்புக்கொள்ளவில்லை.

அடுத்த ஞாயிறு அவர் வீட்டுக்குள்ளேயே குறுக்கும் நெடுக்குமாக நடந்த தரையெல்லாம் ரத்தம். மனைவி காலைப் பிடித்துத் திருப்பினாள். குதிகாலில் ஓர் இரும்பு ஆணி ஏறியிருந்தது.

"வலிக்கலையா?"

"எது?" என்றார் அவர்.

காயத்தைப் பார்த்த மருத்துவமனையில், தொடையில் வெளிறிய படை ஒன்றும் இருக்கவே, தோல் மருத்துவரிடம் அனுப்பினார்கள். தோல் மருத்துவர் அந்தப் படையைப் பஞ்சால் தொட்டார். கண்ணை மூடியிருந்த தபால்காரர் அதை உணரவே இல்லை. பிறகு மருத்துவர் முழங்காலின் வெளிப்பக்கத்தை விரலால் உருட்டிப் பார்த்தார். நரம்பு கயிறுபோலத் தடித்திருந்தது.

"முதுகுல ஒண்ணுமில்ல. கிருமி கால் நரம்புக்குள்ள பூந்திருக்கு. தொழுநோய். மாத்திரையில குணமாயிடும். மரத்துப்போன இடத்துல உணர்ச்சி திரும்புமான்னு இப்ப சொல்ல முடியாது."

மருந்து தொடங்கியதுமே பிறருக்குப் பரவாது என்றும் சொன்னார். ஆனாலும் வீடு திரும்பியதும் தபால்காரர் தன் பாயையும் தட்டையும் வராந்தாவில் கொண்டுபோய் வைத்தார்.

"டாக்டர் சொன்னது எனக்கும் காதுல விழுந்துச்சு. பாயை உள்ள போடுங்க" என்றாள் மனைவி.

மூன்றாம் மாதம் நரம்பு வீங்கி, முழங்காலிலிருந்து கீழே நெருப்பாக எரிந்தது. கிருமி சாகும்போது உடம்பு இப்படிச் சண்டை போடும் என்றார் மருத்துவர். வீக்கத்துக்கு வேறு மாத்திரை கொடுத்து, நடக்கவே கூடாது என்றார். அந்த மூன்று வாரமும் மனைவிக்குத்தான் தண்டனை. ஜன்னலைத் திற, மூடு, பேப்பரைக் கொண்டா என்று அவளை ஒரு வழி பண்ணிவிட்டார்.

பாதத்தைத் தூக்கும் பலம் மெல்லத் திரும்பியது. அடிப்பாதம் மரத்தது மரத்ததுதான். அலுவலகத்தில் கடிதம் பிரிக்கும் மேஜையைக் கொடுத்தார்கள். பத்து நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார். பதினோராம் நாள் மேலதிகாரியிடம் போய்ப் பழைய தெருக்களையே கேட்டார். பாதியாவது கொடுங்கள் என்றார். பாதி கிடைத்தது.

இப்போது வார்வைத்த மெத்தைச் செருப்போடு போகிறார். தெருமுனைக்குத் தெருமுனை நின்று, செருப்பைக் கழற்றிக் கைக்கண்ணாடியில் அடிப்பாதத்தைப் பார்த்துக்கொள்கிறார். கல், முள் எதுவும் இல்லையென்றால் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுகிறார்.