சேரன்மகாதேவியில் பிடித்த பிரேக்

சனிக்கிழமை, பகல் பன்னிரண்டரை மணி. ராதாபுரத்திலிருந்து ஐயம்பெருமாள் அண்ணாச்சியின் குட்டியானை லாரியில் புறப்பட்டோம். ஞாயிறு மத்தியானம் சேரன்மகாதேவியில் வாழைத்தார் ஏற்ற அவர் எப்படியும் போகவேண்டியிருந்தது; எங்களுக்காக ஒருநாள் முன்னதாகவே கிளம்பிவிட்டார். பின்தட்டில் என் தங்கை செண்பகத்தின் சைக்கிள் இரண்டு தலையணைகளுக்கு நடுவே படுத்திருந்தது.

“ஏ தம்பி, சைக்கிளுக்கு ரெண்டு தலகாணி, ஒனக்கு ஒண்ணுகூட இல்லியாடே?” என்றார் அண்ணாச்சி.

எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான்; அடுத்தவள் செண்பகம். ஆகவே விண்ணப்பம் எழுதுவதும் விதிமுறைப் புத்தகம் படிப்பதும் என் வேலை, மிதிப்பது அவள் வேலை. சாலையிலும், சுற்றிச் சுற்றி ஓட்டும் வட்டத் தளத்திலும் நடக்கும் ஆசிய சைக்கிள் போட்டிக்கு ஆள் எடுக்க ஒரு பயிற்சி முகாம் உண்டு. விக்கிரமசிங்கபுரத்தில் நடக்கும் பெண்கள் சாலைப் பந்தயத்தில் முதல் மூன்று பேராக வருகிறவர்களுக்கு அந்த முகாமில் இடம். நான்காவதாக வந்தால் வீடு திரும்பலாம்.

வள்ளியூர், நாங்குநேரி, களக்காடு வழியாக ஏறக்குறைய எண்பது கிலோமீட்டர். களக்காட்டில் நின்று டீ குடித்தோம், ஒன்று பன்னிரண்டு ரூபாய். அதுவரை கூடவே வந்த உடைமரமும் பனையும் அங்கே விடைபெற்றுக்கொண்டன. சேரன்மகாதேவியை நெருங்கும்போது கன்னடியன் கால்வாயில் தண்ணீர் கரை தட்டிப் போய்க்கொண்டிருந்தது. கார் சாகுபடிக்கு நடவு. செண்பகம் சன்னல் வழியே பார்த்துவிட்டு, “இவ்வளவு தண்ணிய வச்சிட்டு இவுகளுக்குத் தூக்கம் வருமாண்ணே?” என்றாள்.

மாலை நாலேகாலுக்கு விக்கிரமசிங்கபுரம். பதிவுசெய்யும் மேசையில் எண் பதினேழு கொடுத்தார்கள். மொத்தம் முப்பத்தொரு பேர். ஆள் பற்றாக்குறையாம், தண்ணீரும் தின்பண்டமும் கொண்டுபோக வண்டி வேண்டுமென்றார்கள். அண்ணாச்சி சம்மதித்தார். அதோடு நானும் உணவு கொடுக்கும் ஆட்களில் ஒருவனானேன்.

ஞாயிறு, காலை ஆறரை. பந்தயம் தொடங்கியது. அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர், சேரன்மகாதேவி வழியாகப் பத்தமடை தாண்டிப் போய்த் திரும்பவேண்டும். போக வர ஐம்பத்தெட்டு கிலோமீட்டர். போகும்போது மேற்குக் காற்று முதுகைத் தள்ளும், திரும்பும்போது அதே காற்று நெஞ்சில் அறையும். ஆனி மாதக் காற்று.

நாங்கள் முன்னதாகவே கிளம்பி, சேரன்மகாதேவி ஊர் எல்லையில் திரும்பி வரும் பக்கமாக நின்றோம். ஒவ்வொருத்திக்கும் நீண்ட வார் வைத்த துணிப்பை. உள்ளே தண்ணீர்ப் புட்டி, இரண்டு வாழைப்பழம், உடன்குடிக் கருப்பட்டித் துண்டு. ஓடும் சைக்கிளிலிருந்தே கையை நீட்டிப் பையைப் பறித்துக்கொள்ளவேண்டும். என்னோடு நின்றவர் திவாகர், சென்னையில் கல்லூரி மாணவர். தங்கைக்கு நானே நீட்டினால் தவறவிட்டுவிடுவேனோ என்று பயம். பதினேழாம் எண் பையை அவரிடம் கொடுத்து, “தங்கச்சிக்கு நீங்களே குடுத்திருங்க” என்றேன்.

ஏழு இருபத்தைந்து. வளைவில் நான்கு பேர் மட்டும் வந்தார்கள். மற்றவர்கள் இரண்டு நிமிடம் பின்னால். நால்வரில் மூன்றாவதாகச் செண்பகம். திவாகர் பையை நீட்டியபடி கூடவே ஓடினார்.

“பைய புடி! பைய புடி!”

செண்பகம் பிரேக்கைப் பிடித்தாள்.

எங்கள் பக்கம் ‘பைய’ என்றால் மெதுவாக. பைய பிடி என்று ஒருவர் கத்தினால், முன்னால் ஏதோ கிடக்கிறது, பிரேக்கை நிதானமாகப் பிடி என்றுதான் எங்களுக்குக் கேட்கும். திவாகர் சொன்னது கையிலிருந்த பையை.

“எங்கன? மாடா?” என்று வெறும் சாலையைக் கண்ணால் துழாவினாள் அவள்.

“மாடா? எந்த மாடு? பைய புடிம்மா!”

மறுபடியும் பிடித்தாள். ஒரு கால் தரையில் ஊன்றிவிட்டது. மற்ற மூவரும் போயே போய்விட்டார்கள்.

“ஏட்டி, அது துணிப்பை! போ, போ!” என்று நான் அலறினேன். அவள் பையை வாங்கவில்லை. எழுந்து நின்று மிதித்தாள். திவாகர் கையிலிருந்து பை நழுவி, பழங்கள் சாலையில் உருண்டன.

மோட்டார் சைக்கிளில் வந்த நடுவர் கரும்பலகையில் எழுதிக் காட்டினார்: இடைவெளி நாற்பது விநாடி. பின்னால் வருகிற கூட்டம் தொலைவில் இருந்ததால், அவளுக்குப் பின்னே எங்கள் வண்டி போகலாம் என்று சைகை செய்தார். மீதிப் பைகளை மற்ற ஆட்களிடம் விட்டுவிட்டு மூன்று பேரும் முன்னிருக்கையில் நெருக்கியடித்து ஏறினோம்.

“ஏலே மெட்ராஸு, ஒங்க ஊர்ல பைக்கு வேற பேரே கெடயாதா?” என்றார் அண்ணாச்சி.

“பைய பைன்னு சொல்லாம வேற எப்டி சார் சொல்றது?” திவாகரின் குரல் அழுகையை எட்டியிருந்தது.

வீரவநல்லூரில் பலகை முப்பத்தொன்று காட்டியது. காற்றில் வயல் முழுக்க ஒரே பக்கமாய்ப் படுத்து எழுந்தது. செண்பகம் தலையைத் தாழ்த்தி, முழங்கையை உள்ளே இழுத்துக்கொண்டாள். எங்கள் ஊர்க் காற்றாலைகளுக்கு அடியில் பழகியவளுக்கு இந்தக் காற்று புதிதல்ல. ஆனால் முன்னால் இருப்பவர்கள் மூன்று பேர். மாறி மாறி ஒருத்தி காற்றை வாங்க மற்றவர்கள் மறைவில் ஓட்டலாம். இவளுக்கு மறைவு இல்லை.

அண்ணாச்சி என் பக்கம் சாய்ந்தார். “தம்பி, ரெண்டே நிமிசம் நான் முன்னால போறேன். புள்ள பின்னால ஒட்டிக்கிட்டு வரட்டும். யாருக்குத் தெரியும்?”

நடுவர் அப்போது முன்னால் போயிருந்தார். சாலையில் எவருமில்லை. வண்டியின் மறைவில் அவள் ஒரு நிமிடத்தில் அவர்களைப் பிடித்துவிடுவாள். விதிப்படி அதற்குப் பந்தயத்திலிருந்து நீக்கம்; ஆனால் அந்த நேரத்தில் விதியைவிட அவள் முதுகுதான் எனக்குத் தெரிந்தது. சட்டை ஒட்டிப்போய், விலா எலும்பு தெரிய மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. வாயைத் திறந்தேன், “சரி” என்று சொல்லத்தான். அதற்குள் அண்ணாச்சி வண்டியைச் சற்று முன்னே விட்டார். சத்தம் கேட்டுச் செண்பகம் திரும்பாமலே இடது கையைப் பின்னால் நீட்டி, தள்ளிப்போ என்று ஆட்டினாள். அண்ணாச்சி வேகத்தைக் குறைத்தார்.

கல்லிடைக்குறிச்சியில் இருபத்திரண்டு. அம்பாசமுத்திரம் ஆற்றுப் பாலத்தில் பதினைந்து. கீழே குளித்துக்கொண்டிருந்தவர்கள் கையசைத்தார்கள். விக்கிரமசிங்கபுரம் எல்லையில் அந்த மூன்று சட்டைகளும் கண்ணுக்கு எட்டின. எட்டிய தூரத்திலேயே அவர்கள் கோட்டைத் தாண்டினார்கள். செண்பகம் ஏழு விநாடி கழித்து வந்தாள். நான்காவது. மணி எட்டேகால்.

நான் வெள்ளைத்தாள் கேட்டு வாங்கி, வண்டி முகப்பில் வைத்து மனு எழுதத் தொடங்கினேன். ‘ஐயா, வட்டார வழக்கின் காரணமாக...’ திவாகர் சாட்சிக் கையெழுத்துப் போடத் தயாராக நின்றார். செண்பகம் வந்து எட்டிப் பார்த்தாள்.

“பிரேக்க யாரு பிடிச்சா?”

“நீதான். ஆனா...”

“அப்ப யாரு மேலண்ணே மனு எழுதுத?”

தாளை வாங்கி மடித்து, செருப்பில் ஒட்டியிருந்த தாரைத் துடைத்துப் போட்டாள். பின்பு வண்டிச் சக்கரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டாள். திவாகர் ஒரு இளநீரோடு வந்து பக்கத்தில் வைத்தார். துண்டுக்குள்ளிருந்தே கை வந்து அதை எடுத்துக்கொண்டது.

ஒன்பது மணி இருக்கும். தேர்வுக் குழுவிலிருந்து ரோஸ்லின் டீச்சர் வந்தார். பாளையங்கோட்டைக்காரர், உடற்பயிற்சி ஆசிரியை. கழுத்தில் ஸ்டாப் வாட்ச்.

“இங்க பாரும்மா. மூணு பேரு மாறி மாறி ஓட்டுனாக. நீ தனியா வந்து அவுக கிட்ட இருந்து முப்பத்திமூணு விநாடியப் பிடுங்கியிருக்க. அதுவும் எதிர்காத்துல. சாலைப் போட்டில ஒனக்கு எடமில்ல, அத மாத்த முடியாது. ஆனா வட்டத் தளத்துல ஒரு பந்தயம் இருக்கு. ரெண்டு பேரு எதிரெதிர்ப் பக்கமா நின்னு கெளம்பி, ஒருத்திய ஒருத்தி தனியா விரட்டணும். அதுக்கு அடுத்த மாசம் வடக்க சோதன வைக்காக. வாரியா? எடுப்பாகன்னு நான் வாக்குத் தர மாட்டேன்.”

செண்பகம் துண்டை எடுத்தாள். “அதுல நடுவுல பை குடுப்பாகளா டீச்சர்?”

“அது அஞ்சு நிமிசங்கூட ஓடாது. பையெல்லாம் கெடயாது.”

“அப்ப வாறேன்.”

முதலில் சிரித்தவர் திவாகர்.

பதினொன்றரைக்குச் சேரன்மகாதேவியில் வாழைத்தார் ஏற்றினோம். இந்தமுறை சைக்கிள் வாழைத்தார்களுக்கு மேல். ஒரு மணிக்குக் களக்காடு தாண்டியதும் பச்சை தீர்ந்து செம்மண்ணும் பனையும் வந்தன. வள்ளியூருக்கு அப்பால் காற்றாலைகள். இரண்டு நாளும் அந்த ஆற்றுப் பள்ளத்தாக்கைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். அங்கே வீட்டுவாசல் வரைக்கும் வாய்க்கால் வருகிறது. எங்கள் ஊரில் தட்டுப்பாடில்லாமல் வருவது காற்று ஒன்றுதான். கூரையைப் பிரிக்கிற சனியன் என்று அதைத் திட்டித்தான் கேட்டிருக்கிறேன், நானும் திட்டியிருக்கிறேன். நேற்றுப் போகும்போதுகூடச் சன்னலை ஏற்றிவிட்டுத்தான் உட்கார்ந்திருந்தேன்.

கைப்பேசியில் அந்தத் தளத்தின் படத்தை எடுத்துச் செண்பகத்திடம் காட்டினேன். மரப்பலகைத் தரை, கிண்ணம்போல் சாய்ந்த ஓரங்கள், மேலே பெரிய கூரை.

“கட்டடத்துக்கு உள்ளயா?” என்றாள். “அப்ப காத்து?”

“உள்ள காத்தே இருக்காது.”

காற்றாலைகளைத் திரும்பிப் பார்த்தாள். “காத்து இல்லாம நான் எத எதுத்துண்ணே மிதிக்கது?”

“அதுக்குத்தான் ஒரு மாசம் இருக்குல்லா” என்றேன்.

“ஒரு மாசத்துல இத மறக்க முடியுமாண்ணே?” என்று சன்னலுக்கு வெளியே கையை நீட்டி விரல்களைக் காற்றில் விரித்தாள்.