கை வைத்துப் பார்க்காத வீக்கம்

கள்ளக்குறிச்சியில் நான் டாக்டராகச் சேர்ந்த புதிது. இடஒதுக்கீட்டுப் போராட்டம், சாலையெங்கும் மரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். வெள்ளிமலை விவசாயி ஒருவர் புட்டத்தில் வீக்கத்தோடு வந்தார். போன மாதம் மரத்திலிருந்து விழுந்து கல் குத்தியதாம்.

"கை வெச்சா நாடியாட்டம் அடிக்குதுங்க," என்றார் அவர் மனைவி.

"சீழ்க்கட்டிம்மா. கீறிட்டா சரியாயிடும்."

நான் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. புட்டத்தின் வெளிப்பக்கம் பெரிய ரத்தக்குழாய் கிடையாது என்பது எனக்கு மனப்பாடம்.

கீறியதும் ரத்தம் என் முகத்தில் பீய்ச்சியடித்தது. முஷ்டியால் அழுத்திக்கொண்டே அவரை, மனைவியோடு, வேனில் சேலத்துக்குக் கொண்டுபோனேன். சின்னசேலத்தில் சாலைக்குக் குறுக்கே புளியமரம். வெட்டிப் போட்டவர்களே ஓடிவந்தார்கள். "நீங்க கைய எடுக்காதீங்க சார், நாங்க இழுத்துக்கறோம்!"

அவர் பிழைத்தார். ஆபரேஷன் செய்த பெரிய டாக்டர் என் தோளைத் தட்டினார். "இவருக்கு ரத்தக்குழாய் வெளிப்பக்கமா ஓடுது. கல்லு குத்தி அது கிழிஞ்சிருக்கு. ஆளுக்கு ஆள் மாறும். உங்க தப்பு இல்ல."

பக்கத்தில்தான் அந்த அம்மா நின்றார். என்னைப் பார்த்தார். பிறகு பெரிய டாக்டரிடம், "வழியெல்லாம் கையே எடுக்கலைங்க இவரு," என்றார்.

வீக்கத்தில் நாடி அடித்ததை அந்த அம்மா சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை, இன்றுவரை.