பங்குக் கிணற்று மோட்டார்

பிளஸ் ஒன் சேரப் போனபோது என் மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு சயின்ஸ் குரூப் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். டைப்ரைட்டிங் சொல்லித்தரும் குரூப்பைக் கேட்டேன், அது நிரம்பிவிட்டது. மிச்சம் இருந்தது எலக்ட்ரிக்கல் தொழிற்பிரிவு ஒன்றுதான். எரிந்துபோன மோட்டாருக்குள் கம்பிச் சுருளை, அதாவது காயிலை, புதிதாகக் கட்டச் சொல்லித்தருவார்கள். பதினேழு பையன்கள் ஏற்கெனவே சேர்ந்திருந்தார்கள். பதினெட்டாவதாக நான் சேர்ந்தேன். என்னைத் தனியாக விட மனமில்லாமல் பத்தொன்பதாவதாக என் தோழி சேர்ந்தாள். அத்தா என்று அவள் கூப்பிடும் அப்பாவுக்குப் போச்சம்பள்ளியில் இரும்புச் சாமான் கடை.

எண்பதுகளின் கடைசி அது. ஓசூரில் கம்பெனிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தன. எங்கள் பாடத்துக்கு வந்த சார் அப்போதுதான் டிப்ளமோ முடித்தவர், கிருஷ்ணகிரியிலிருந்து பஸ்ஸில் வருவார். வகுப்புக்குள் நுழைந்ததும் முதலில் ஓசூரைப் பற்றிப் பேசுவார், அப்புறம்தான் பாடம். "இத ஒழுங்கா படிச்சா ஓசூர்ல வேலை காத்துக்கினு இருக்குது" என்று தினமும் சொன்னார். அவர் சொன்னது பொய்யில்லை. பிளஸ் டூ அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் அவருக்கே அங்கே வேலை கிடைத்துப் போய்விட்டார். எங்களுக்கு வேலைக்கு வழி காட்ட வந்தவர் போன வழியைத்தான் நாங்கள் பார்த்துக்கொண்டு நின்றோம். போகும்போது ஆளுக்கு ஒரு மிட்டாய் கொடுத்தார். எனக்குக் கோபமே வரவில்லை, பெருமையாகத்தான் இருந்தது.

பள்ளியில் இருந்தது ஒரே ஒரு மோட்டார். பத்தொன்பது பேரும் அதில்தான் கற்றுக்கொள்ள வேண்டும். ஒருவர் காயில் கட்டி முடித்ததும் அடுத்தவர் அதைப் பிரித்து, அதே கம்பியை நீவி, மறுபடி கட்டுவார். இரண்டு வருடத்தில் அந்தத் தாமிரக் கம்பி பட்ட பாட்டை நினைத்தால் இப்போதும் பாவமாக இருக்கிறது. இதில் வேடிக்கை என்னவென்றால், அது த்ரீ பேஸ் மோட்டார். எங்கள் பள்ளிக்கு வந்ததோ சிங்கிள் பேஸ் கரண்ட். ஆகவே அது ஒருநாளும் ஓடியதில்லை. செய்முறைத் தேர்வுக்கு வந்தவர் காயில் நேர்த்தியைப் பார்த்தார், டெஸ்ட் லேம்ப் எரிகிறதா என்று பார்த்தார், நல்ல மதிப்பெண் போட்டார். நான் கட்டிய ஒரு மோட்டார்கூட ஓடிப் பார்க்காமலே நான் பாஸ்.

தேர்வு முடிந்த சித்திரையில் ஓசூர் கம்பெனி ஒன்றிலிருந்து அப்ரண்டிஸ் நேர்முகத்துக்குக் கடிதம் வந்தது. அப்பா அதை வாங்கிப் படித்துவிட்டு முருகன் படத்துக்குப் பின்னால் செருகிவைத்தார். போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. கேட்டால், "கரண்ட்டுகிட்ட போற வேலை பொட்டப்புள்ளைக்கு என்னாத்துக்கு" என்று முணுமுணுத்துவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விடுவார்.

அந்த வாரமே எங்கள் கிணற்று மோட்டார் எரிந்தது. அது பங்குக் கிணறு. பாதி எங்களுக்கு, பாதி பக்கத்து நிலத்து மாமாவுக்கு. அவர் வீட்டில் தெலுங்கு, எங்களிடம் தமிழ், கோபம் வந்தால் இரண்டும் கலந்து வரும். எங்கள் தக்காளி பூ விட்டிருந்தது, அவருடைய கரும்பு இடுப்பளவு நின்றது. போச்சம்பள்ளியில் காயில் கட்டும் கடைக்குப் போனால் எங்களுக்கு முன்னால் பதினோரு மோட்டார் வரிசையில் இருந்தன. பத்து நாள் ஆகும் என்றார் கடைக்காரர். அந்த வெயிலில் தக்காளி ஐந்து நாள் தாங்காது.

"நான் கட்றேன்" என்றேன்.

மாமா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பள்ளிக்கூடத்துப் புள்ளகிட்ட மோட்டார குடுத்துட்டு என் கரும்பு என்னாவறது?"

"வேற வழி இருந்தா நீ சொல்லு" என்றார் அப்பா. பிறகு என் பக்கம் திரும்பினார். "இத ஓட்டிக் காட்டு. ஓசூர் பஸ்ஸுல நானே ஏத்தி உடறேன். ஓடலன்னா லெட்டர் இருக்கற எடத்துலயே இருக்கட்டும்."

தோழியின் அத்தா பெங்களூரில் சரக்கு எடுக்கப் போனபோது கம்பியும் வார்னிஷும் இன்சுலேஷன் பேப்பரும் வாங்கிவந்தார். "கெடுத்துட்டு என் பேரச் சொல்லாதீங்க" என்று சொல்லித்தான் கொடுத்தார். எரிந்த காயிலை வெட்டியெடுத்து எத்தனை சுற்று என்று எண்ணினோம். நான் நாற்பத்திரண்டு என்றேன், அவள் நாற்பத்தொன்று என்றாள். மூன்றாம் தடவை எண்ணியபோது நாற்பத்திரண்டு வந்தது. அன்று சாயந்திரம் வரை அவள் என்னோடு பேசவில்லை, ஆனால் கம்பியைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

இரண்டு நாளில் கட்டி முடித்தோம். பள்ளி மோட்டாரின் பழைய கம்பி முறுக்கிக்கொண்டு அடம் பிடிக்கும். இந்தப் புதுக் கம்பி சொன்ன பேச்சைக் கேட்டது. வார்னிஷ் காய்வதற்காக மோட்டாரின் வயிற்றுக்குள் ஒரு குண்டு பல்பை எரியவிட்டு வைத்திருந்தேன். காலையில் பார்த்தால் எங்கள் வீட்டுக் கோழி அந்தச் சூட்டுக்கு அதன்மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. விரட்டினால் கொத்த வந்தது. அம்மா சிரித்துச் சிரித்து அடுப்பில் இருந்த களியை அடிப்பிடிக்க விட்டுவிட்டாள்.

நான்காம் நாள் மோட்டாரைக் கயிறு கட்டி இறக்கி, கிணற்றுக்குள் பாதி ஆழத்தில் இருந்த கல்மேடையில் பொருத்தினோம். அந்த வாரம் எங்களுக்கு த்ரீ பேஸ் கரண்ட் பத்து மணியிலிருந்து இரண்டு மணி வரை. எல்லாம் முடித்து நிமிர்ந்தபோது ஒரு மணி தாண்டிவிட்டது. நானும் அப்பாவும் கீழே மோட்டாருக்குப் பக்கத்தில் நின்றோம். மாமா மேலே கொட்டகையில் ஸ்டார்ட்டர் அருகில். தோழி பைப் வாயருகே. அப்பா குடத்தால் பம்புக்குள் தண்ணீர் ஊற்றி நிரப்பினார்.

"போடுங்க மாமா" என்று கத்தினேன்.

மோட்டார் ஓடியது. இரண்டு வருடம் கட்டிப் பிரித்துக் கட்டிப் பிரித்து, ஒருநாளும் கேட்காத சத்தம் அது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். அவரும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.

மேலேயிருந்து மாமாவின் குரல் வந்தது. "நீள்ளு ராலேதும்மா. தண்ணியக் காணோம்."

பைப் வாயில் கொஞ்சம் வழிந்து நின்றுவிட்டது என்றாள் தோழி. நிறுத்தினோம். அப்பா மறுபடி தண்ணீர் ஊற்றினார். மறுபடி ஓட்டினோம். அதே சத்தம், அதே வறண்ட பைப். அடியில் தண்ணீரைக் கீழே இறங்கவிடாமல் பிடிக்கும் ஃபுட்வால்வ் போயிருக்கும் என்றார் மாமா. ஃபுட்வால்வ் நன்றாகத்தான் இருந்தது, ஊற்றிய தண்ணீர் இறங்கவேயில்லை. மணி ஒன்றரை ஆகிவிட்டது. மேலே தக்காளிச் செடிகள் தலை தொங்கி நிற்பது எனக்குத் தெரியும். முருகன் படத்துக்குப் பின்னால் கடிதம் இருப்பதும் தெரியும். அப்பா குடத்தைக் கீழே வைத்தார். அவர் திட்டியிருந்தால் தேவலை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அழுதுகொண்டே பம்பின்மேல் கையை ஊன்றினேன். உள்ளங்கையில் ஏதோ மேடாக உறுத்தியது. ஆயுத பூஜைக்கு அப்பா வருடாவருடம் மோட்டாருக்கு வைக்கும் சந்தனமும் குங்குமமும் அந்த இடத்தில்தான். அங்கே கொஞ்சம் எடுப்பாக இருக்கும், பொட்டு வைக்க வசதி. பத்து வருடப் பொட்டு ஒன்றன்மேல் ஒன்றாக இறுகி, அடை தட்டியதைப் போல இருந்தது. நகத்தால் சுரண்டினேன். அடியில், பம்பு எந்தப் பக்கம் சுற்ற வேண்டும் என்று காட்ட இரும்பிலேயே வார்த்த ஒரு அம்புக்குறி.

மாமாவை இன்னொரு தடவை போடச் சொல்லிப் பார்த்தேன். நான் கட்டிய மோட்டார் அந்த அம்புக்கு எதிர்த்திசையில் சுற்றிக்கொண்டிருந்தது.

திசையை மாற்றுவது எப்படி? மூன்று பேஸில் ஏதாவது இரண்டை மாற்றிக் கொடுக்க வேண்டும். இந்தக் கேள்விக்கு மூன்று தேர்வுகளில் பதில் எழுதி முழு மதிப்பெண் வாங்கியவள் நான். முதலில் மோட்டார் ஓடியபோது அது எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று பார்க்கக்கூடத் தோன்றவில்லை. ஓடுவதே பெரிய விஷயமாக இருந்த பள்ளியில் படித்தவளுக்கு வேறு என்ன தோன்றும்.

படிக்கட்டில் ஓடி ஏறினேன். மெயினை அணைத்து, ப்யூஸ் கேரியர் மூன்றையும் உருவித் தாவணியில் முடிந்துகொண்டேன். "அத உன் கையிலயே வச்சிக்கோ, உன் உசுர இன்னொருத்தன்கிட்ட குடுக்காத" என்று சார் சொல்லியிருந்தார். மிட்டாயைவிட நல்ல விஷயம் அவர் கொடுத்தது அதுதான். ஸ்டார்ட்டரில் இரண்டு கம்பிகளைக் கழற்றி இடம் மாற்றிப் பூட்டினேன். தோழி என் காதருகே அந்தப் பதிலை முணுமுணுத்தபடி சரிபார்த்துக்கொண்டிருந்தாள். மாமா மட்டும் தள்ளி நின்று, "ஏம்மா, ரெண்டத்தான மாத்தன, மூணாவது கோச்சிக்காதா" என்றார்.

ப்யூஸைப் போட்டு, நானே பச்சைப் பட்டனை அழுத்தினேன். சத்தம் கொஞ்சம் கனமாக மாறியது. பைப் ஒரு தடவை இருமியது. பிறகு தண்ணீர் வாய் நிறைய வந்து தொட்டியில் விழுந்தது. அதற்குள் தோழி பைப்புக்கு நேரே போய் நின்றிருந்ததால் தலையோடு கால் நனைந்தாள், நகரவும் இல்லை. மாமா இரண்டு கைகளாலும் தண்ணீரை ஏந்தி முகத்தில் அடித்துக்கொண்டார். அப்பா கிணற்றுக்குள்ளிருந்து ஏறி வந்து, வாய்க்காலில் தண்ணீர் தக்காளிப் பக்கம் ஓடுவதையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்த நாள் அதற்கு முன்னால் இல்லை. பாத்தி நிரம்பும் அளவுக்கு ஓடிவிட்டுத்தான் இரண்டு மணிக்குக் கரண்ட் போனது.

அப்பா சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். பக்கத்து ஊரான மத்தூரில் ஓசூர் பஸ் ஏற்றிவிட்டு, கண்டக்டரிடம், "மோட்டார் வேலைக்குப் போவுது, பாத்து எறக்கி உடுங்க" என்றார். பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்த வருட ஆயுத பூஜைக்கு அப்ரண்டிஸ் காக்கிச் சட்டை அழுக்கோடு ஊருக்கு வந்தேன். அப்பா அரிவாளையும் மண்வெட்டியையும் கழுவி வைத்துவிட்டு, "உன் கட்டிங் பிளேயர் எங்க, அதையும் வை" என்றார். என் பையிலிருந்து எடுத்து அரிவாளுக்குப் பக்கத்தில் வைத்தேன். பிறகு சந்தனக் கிண்ணத்தோடு இருவரும் கிணற்றுக்குள் இறங்கினோம். அப்பா அந்த அம்புக்குறியைத் துண்டால் துடைத்தார். நான்கு விரல் தள்ளி, வெறும் இரும்பில் பொட்டு வைத்தார்.