கர்ச்சீப் போட்டுப் பிடித்த சீட்டு

பிள்ளைகளா, மயிலாப்பூரில் நடந்தே பார்க்கக்கூடிய இடங்கள் என்று போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் இரண்டு பேரும் போனைப் பார்த்துப் பார்த்து ஒரு பட்டியல் எழுதினீர்கள். குளம், சுவர் ஓவியங்கள், பழைய புத்தகக் கடை, பொம்மைக் கடை, கடைசியில் ஒரு காபி. நல்ல பட்டியல்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் எனக்குத் தெரிந்த ஓர் இடம் அதில் இல்லை. மார்கழி மாதம், மதியம் பன்னிரண்டு மணிக்கு மேல், ஒரு சபாவின் முன்வரிசை. அங்கே நான் போய் உட்கார்ந்தபோது எனக்கு ஒன்பது வயது.

என் மாமா, அதாவது என் அம்மாவின் அண்ணன், வடபழனி பஸ் டிப்போவில் மெக்கானிக். சைதாப்பேட்டையில் எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு அவருடையது. அரைப் பரீட்சை லீவில், அவருக்கு வார ஓய்வு வருகிற நாளில், எங்களை ஊர் சுற்றக் கூட்டிக்கொண்டு போவார். லஸ் கார்னர் வரைக்கும் பஸ். இறங்கிய பிறகு கால்தான். நாள் பூரா பஸ்ஸுக்கு அடியில் படுத்துக் கிடக்கிறவருக்கு பஸ்ஸைப் பார்த்தாலே அலுப்பு என்று அம்மா சொல்வாள்.

அன்றைக்கு மாமா, அம்மா, நான், நாலு வயதுத் தங்கை. மாட வீதியில் ஒருவர் பிளாட்பாரத்தில் உட்கார்ந்து பென்சிலால் ஆட்களை வரைந்துகொண்டிருந்தார். எதிரே ஒரு போலீஸ்காரர் மூச்சு விடாமல் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். அவர் மூச்சு விடுகிற வரைக்கும் நாங்கள் நின்று பார்த்தோம். பிறகு பொம்மைக் கடை. பிறகு ஒரு சந்தில், மாடி வீட்டில் யாரோ வீணை பழகிக்கொண்டிருந்தார்கள். ஒரே வரி, திரும்பத் திரும்ப. ஓர் இடத்தில் தடுக்கிக்கொண்டே இருந்தது. மாமா கீழே நின்றுவிட்டார். நான் கையைப் பிடித்து இழுத்தும் நகரவில்லை. ஆறாவது தடவையோ ஏழாவது தடவையோ அந்த வரி தடுக்காமல் வந்தது. “ஆங், இப்ப எட்த்துக்கிச்சு” என்று சொல்லிவிட்டு நடந்தார்.

வெயில் ஏறிவிட்டது. தங்கை தூக்கச் சொல்லி அழ ஆரம்பித்தபோது ஒரு சபாவின் வாசலுக்கு வந்திருந்தோம். கேட்டில் இரண்டு பலகைகள். ஒன்றில், கச்சேரிக்கு அனுமதி இலவசம். மற்றொன்று கேன்டீனுடையது. சாக்பீஸில் எழுதியிருந்தார்கள், இன்றைய ஸ்பெஷல் காசி அல்வா. நெய் வாசனை ரோடு வரைக்கும் வந்தது. மாமா என் முகத்தைப் பார்த்தார். அரைமணி நேரம் ஏசியில் உட்கார்ந்து காலை ஆற்றிக்கொள்வோம், அப்புறம் ஆளுக்கு ஒரு அல்வா என்றார். நான் கச்சேரிக்குச் சம்மதித்தது இப்படித்தான்.

உள்ளே பெரிய ஹால். இருநூறு பேர் உட்காரலாம், இருபது பேர்தான் இருந்தார்கள். மேடையில் ஒரு பெண் பாடிக்கொண்டிருந்தாள். ஒரு பக்கம் வயலின். மறுபக்கம் மிருதங்கத்தோடு ஒரு பையன், அப்போதுதான் மீசை கறுத்திருந்தது. நாங்கள் கடைசி வரிசையில், கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தோம். எனக்குப் பாட்டு ஒன்றும் புரியவில்லை. அல்வா சிவப்பாக இருக்குமா மஞ்சளாக இருக்குமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஒரு நீளமான பாட்டு முடிகிற மாதிரி வந்தது. பாடகி மிருதங்கக்காரரைப் பார்த்துத் தலையசைத்தாள். அவர் நிமிர்ந்து உட்கார்ந்து தனியாக வாசிக்க ஆரம்பித்தார். அவ்வளவுதான், ஹாலில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். எங்கள் வரிசையில் இருந்த ஒரு மாமி பையை எடுத்துக்கொண்டு அம்மாவிடம் குனிந்தார்.

“இனிமே கொஞ்ச நாழி மிருதங்கம்தான். எங்காத்துக்காரர் கேன்டீன்ல இடம் பிடிச்சிண்டு நிக்கறார். இப்போ வந்தேள்னாதான் அல்வா கிடைக்கும்.”

எழுந்து போகிற அத்தனை பேரும் என் அல்வாவைத் தின்னப் போகிறவர்களாகத் தெரிந்தார்கள். நான் எழுந்து நின்றே விட்டேன். மாமாவும் எழுந்தார். ஆனால் அவர் பார்வை கதவுப் பக்கம் இல்லை.

“நைனா, முன்னாடி சீட்டெல்லாம் காலியா கீது, வா வா.”

சொல்லிக்கொண்டே பாக்கெட்டிலிருந்து கர்ச்சீப்பை எடுத்தார். விடுவிடுவென்று பாதி ஹாலைத் தாண்டிப் போய், அங்கிருந்தே முன்வரிசை நாற்காலியின் மேல் வீசினார். பஸ்ஸில் ஜன்னல் வழியாகப் போட்டு இடம் பிடிப்போமே, அதேதான். கிரீஸ் கறை படிந்த கர்ச்சீப் மேடைக்கு நேர் எதிரில் போய் விழுந்தது. வயலின்காரர் வாயைப் பொத்திக்கொண்டார். அம்மாவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

“இன்னாண்ணா இது, அவங்க திரும்பி வந்து கேட்டா இன்னா சொல்வ?” என்றாள் தணிந்த குரலில்.

“கர்ச்சீப் போட்டாச்சு, வுடு” என்றார் மாமா.

அப்படி நாங்கள் நாலு பேரும், எல்லோரும் பின்னால் போகிற நேரத்தில், எதிர்த்திசையில் நடந்து முன்வரிசையில் உட்கார்ந்தோம். மிருதங்கக்காரர் எங்களைப் பார்த்தார். திட்டப்போகிறார் என்று நான் மாமாவின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினேன். அவர் திட்டவில்லை. வாசிப்பு மட்டும் கொஞ்சம் மாறியது. அதுவரை யாருக்கோ சீக்கிரம் முடித்துக்கொடுக்கிறவர் போல வாசித்தவர், நிதானமாக, ஒவ்வொரு தட்டாக எடுத்துவைக்க ஆரம்பித்தார்.

மாமா கண்ணை மூடிக்கொண்டு தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கேட்டார். இன்ஜின் சத்தம் கேட்கும்போது அப்படித்தான் சாய்ப்பார். தங்கை சும்மா இருக்கவில்லை. ஒரு சின்ன இடைவெளியில் நாற்காலிக் கையில் ‘டக் டக்’ என்று இரண்டு தட்டு தட்டினாள். அம்மா அவள் கையைப் பிடிப்பதற்குள் மிருதங்கம் அதே இரண்டு தட்டைத் திருப்பிச் சொன்னது. தங்கை மூன்று தட்டினாள். மிருதங்கமும் மூன்று சொல்லி, அதன் பின்னால் முப்பது நாற்பது தட்டுகளை மளமளவென்று கொட்டி, சரியாக அவள் தட்டிய மூன்றிலேயே வந்து நின்றது. பாடகி சிரித்தேவிட்டாள். நானும் சிரித்தேன், அம்மாவும் சிரித்தாள். அந்தப் பத்து நிமிஷத்தில் அல்வா என்று ஒன்று இருப்பதையே நான் மறந்துபோனேன். நாங்கள் நாலு பேர் கை தட்டியது நாற்பது பேர் தட்டியது போலக் கேட்டது.

கேன்டீனுக்குப் போனபோது பலகையில் காசி அல்வாவை ஈரத்துணியால் அழித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு உலகமே இருண்டது. மாமா போண்டா வாங்கிக் கொடுத்தார். நான் அதைத் தொடாமல் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கச்சேரிக்காரர்களும் அங்கே சாப்பிட வந்தார்கள். மிருதங்கக்காரர் எங்களைத் தேடி வந்தார். மாமா சட்டென்று எழுந்து நின்று, “சார், அவ்ளோ ஸ்பீடா ஓட்டினீங்க, எங்கியும் மிஸ்ஸிங்கே இல்ல” என்றார். இன்ஜின் ஒரு துடிப்பும் தவறாமல் ஓடினால் அப்படிச் சொல்வார்கள். டிப்போவில் அதற்கு மேல் ஒரு பாராட்டு கிடையாது. அந்தப் பையனுக்கு அது புரிந்ததோ இல்லையோ, மாமாவின் கையைப் பிடித்தவர் விடவே இல்லை. கண் கலங்கியிருந்தது. வெளியே வெயில் பட்டதும் கண் கூசுகிறது போல என்று நினைத்தேன். பிறகு, கச்சேரிக்காரர்களுக்கென்று எடுத்துவைத்திருந்த அவருடைய தட்டை எங்கள் முன்னால் வைத்துவிட்டுப் போனார். அதில் ஆரஞ்சு நிறத்தில் காசி அல்வா. தங்கைக்குப் பாதி கொடுத்தேன் என்று சொல்ல ஆசை. கால்தான் கொடுத்தேன்.

பாவம், அவருக்கு இனிப்பு பிடிக்காது போலிருக்கிறது. ரொம்ப வருஷம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நாலைந்து வருஷத்துக்கு முன்னால், ஒரு மார்கழியில், வேறொரு சபாவில் ஏசி ரிப்பேருக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். நான் பக்கவாட்டில் நின்று வேலை பார்த்துக்கொண்டிருக்கும்போது யாரோ ஒரு மிருதங்கக்காரர் தனியாக வாசிக்க ஆரம்பித்தார். ஆட்கள் எழுந்தார்கள். பக்கத்துக் கதவு ஒவ்வொருவருக்கும் ஒரு தடவை கிறீச்சிட்டது. ஒவ்வொரு கிறீச்சுக்கும் மேடையிலிருந்து அந்த மிருதங்கக்காரரின் கண் கதவுக்குப் போய் வந்தது. இன்னா இது, எல்லாரும் கெளம்பறாங்க என்று வாட்ச்மேனிடம் கேட்டேன். “தனின்னா கேன்டீன் டைம் சார். எப்பவுமே அப்டித்தான்” என்றார்.

அந்த ஆரஞ்சு அல்வா ஞாபகம் வந்தது. ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டு, தனி முடிகிற வரைக்கும் கேட்டேன்.

கச்சேரி முடிந்து ஹால் காலியானது. வாட்ச்மேனும் சாப்பிடப் போய்விட்டார். நான் பையிலிருந்து எண்ணெய்க் குப்பியை எடுத்து, அந்தக் கதவின் மூன்று கீல்களிலும் இரண்டிரண்டு சொட்டு விட்டேன். சத்தம் சுத்தமாக நிற்கிற வரைக்கும் திறந்து திறந்து மூடிப் பார்த்தேன்.