சீனச் சம்பந்தி போட்ட கதிரை

ஒரு சீனப் பிள்ளையைக் கட்டப்போகிறேன் என்று என் மகள் சொன்ன அன்று நான் அழவில்லை. மெல்பேணில், நோபல் பார்க் வீட்டுக் குசினியில் நின்றுகொண்டு, பருப்புச் சட்டியை இறக்கி வைத்துவிட்டு, "பொடியன் உறைப்புத் தின்பானோ?" என்று மட்டும் கேட்டேன். அவள் கட்டிப்பிடித்தாள். என் அச்சம் வேறு இடத்தில் இருந்தது. கலியாணத்தன்று நான் எங்கே நிற்பது?

என் கணவர் எண்பதுகளின் நடுவில் போனார். மூன்று நாள் காய்ச்சல், அவ்வளவுதான். மகளுக்கு அப்போது நாலு வயது. அன்றிலிருந்து மங்கல காரியம் நடக்கும் வீடுகளில் எனக்கென்று ஓர் இடம் உண்டு. கூட்டத்தின் பின்வரிசை, கதவின் மறுபக்கம், வடைச் சட்டியின் அருகே. யாரும் என்னைத் தள்ளியதில்லை. தள்ளுவதற்கு முதல் நானே போய்விடுவேன். கடல் தாண்டி மெல்பேணுக்கு வந்தேன், டண்டினொங் தொழிற்சாலையில் பிஸ்கட் பெட்டி அடுக்கினேன், கார் ஓடப் பழகினேன், வீட்டுக் கடனுக்குக் கையெழுத்து வைத்தேன். எல்லாம் மாறியது. அந்த இடம் மட்டும் மாறவில்லை, என்னோடு பெட்டியில் வந்தது போல. மகள் பெரியபிள்ளையானபோது, சாமத்தியச் சடங்குக்கு ஆரத்தி எடுத்தது அவளுடைய சித்தி. நான் கதவு இடுக்கால் பார்த்தேன். பட்டுச் சேலையில் தடுமாறித் தடுமாறி நடந்தாள் என் பிள்ளை. யாரோ அவளுக்குச் சேலைக் கொய்யகத்தை மடித்துச் சரிசெய்தார்கள். நான் செய்யவில்லை.

ஆகவே ஒரு முடிவு எடுத்து வைத்திருந்தேன். என் பிள்ளையின் கலியாணத்தில் என் நிழல்கூட முன்னால் விழக்கூடாது. அதில் ஒரு பிடிவாதம். பக்தி என்று சொல்லமாட்டேன், பயம்தான். பயத்தையும் இறுக்கிப் பிடித்தால் அது பலம்போலத் தெரியும்.

மாப்பிள்ளையின் தாய் மலேசியாவில், ஈப்போவில் பிறந்து வளர்ந்த சீனப் பெண்மணி. மகன் இங்கே படிக்க வந்து, வேலை எடுத்து, பிறகு தாயையும் கூப்பிட்டுக்கொண்டான். க்ளென் வேவர்லியில் வீடு. ஊரில் பக்கத்து வீட்டில் தமிழ்க் குடும்பம் இருந்ததாம், அதனால் அவவிடம் ஒரு பத்துத் தமிழ்ச் சொற்கள் இருந்தன. அக்கா, ஐயோ, சாப்டாச்சா, சும்மா, உட்காரு. மிச்சமெல்லாம் இங்கிலிஷ், வாக்கியத்துக்கு வாக்கியம் வாலில் ஒரு 'லா'. அவவும் என்னைப் போலத்தான், புருஷன் இல்லை, பன்னிரண்டு வருஷம். என் சங்கடம் அவவுக்குச் சொல்லாமலே விளங்கும் என்று நான் நினைத்தேன். அங்கேதான் பிழைவிட்டேன்.

முதல் சந்திப்பு ஒரு சீனச் சாப்பாட்டுக் கடையில். வட்ட மேசை, நடுவில் சுழலும் கண்ணாடித் தட்டு, மூங்கில் கூடைகளில் ஆவி பறக்கும் கொழுக்கட்டைகள், உள்ளே இறால். தட்டில் மிச்சம் விடுவது பாவம் என்று சொல்லி வளர்க்கப்பட்டவள் நான். வழித்துச் சாப்பிட்டேன். விருந்தாளியின் தட்டு வெறுமையானால் அது தன் மானக்கேடு என்று வளர்க்கப்பட்டவ அவ. நான் முடிக்க முடிக்க அவ வைத்தா. "போதும்" என்றேன். வைத்தா. கையால் மறித்தேன். கையின் கீழால் வைத்தா.

"அக்கா வெட்கப்படுறா, லா," என்று மகனிடம் சொல்லிச் சிரித்தா.

மகள் என் காதுக்குள், "அம்மா, மூன்று தரம் வேண்டாம் எண்டு சொல்லுறது அவையின்ர மனர்ஸ். பிறகுதான் வாங்குவினம். நீங்களும் அப்பிடித்தான் செய்யுறீங்கள் எண்டு நினைக்கிறா" என்றாள்.

"அப்ப உண்மையா வேண்டாம் எண்டா என்ன செய்யுறது?"

"கொஞ்சம் மிச்சம் விடுங்கோ."

"சாப்பாட்டையோ?"

"அப்ப சாப்பிடுங்கோ."

சாப்பிட்டேன். பதினொரு கொழுக்கட்டை. அதற்குப் பிறகுதான் சம்பந்தி அந்தத் தேநீர் விஷயத்தைத் தொடங்கினா. ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் எங்கள் முறைப்படி தாலி. முதல் நாள் சனிக்கிழமை காலை அவவின் வீட்டில் அவர்கள் முறைப்படி தேநீர். மாப்பிள்ளையும் பொம்பிளையும் முழங்காலில் இருந்து, பெற்றவர்களுக்கு இரண்டு கையாலும் கோப்பை நீட்டுவார்கள். பெற்றவர் வாங்கிக் குடித்தால் ஏற்றுக்கொண்டதாக அர்த்தம். குடிக்காவிட்டால் அந்தப் பிள்ளை அந்த வீட்டுக்கு ஒன்றுமில்லை.

"சைன் வைக்கிற மாதிரி, லா. இரண்டு பக்கமும் குடிக்க வேண்டும். உன் பக்கம் நீ. உனக்கு நல்ல கதிரை போடுவேன்."

"நான் வேண்டாம். என் கணவரின் தம்பியும் பெண்சாதியும் சிட்னியிலிருந்து வருவார்கள். அவர்கள் இருப்பார்கள்."

அவ சிரித்தா. என் கையைத் தட்டினா. அது முதல் தரம்.

இரண்டாம் தரம் தொலைபேசியில். மூன்றாம் தரம், ஊருக்கெல்லாம் பகிர்ந்து கொடுக்க வேண்டிய கலியாணக் கேக்குப் பெட்டிகளை எங்கள் வீட்டு வாசலில் இறக்கிக்கொண்டிருந்த நேரம். தெளிவாகச் சொன்னேன், நான் கதிரையில் இருக்கமாட்டேன் என்று. அவ பெட்டிகளை வைத்துவிட்டு இரண்டு கையையும் தட்டினா. "மூன்று தரம்! நல்ல அம்மா. நல்ல மரியாதை." என் உறுதி முழுவதையும் மரியாதை என்று எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு போய்விட்டா. காரணத்தை அன்றைக்கே சொல்லியிருக்கலாம். அவவும் கணவரை இழந்தவ, அவவின் முகத்துக்கு நேரே எப்படிச் சொல்வது?

அந்தச் சனிக்கிழமை நல்ல வெயில். மகளின் சித்தப்பாவும் சித்தியும் முதல் நாளே காரில் வந்திருந்தார்கள், சிட்னி மேய்ஸ் ஹில் முருகன் கோயில் விபூதியும் கையுமாக. நான் சாம்பல் நிறச் சேலை கட்டினேன். க்ளென் வேவர்லி வீட்டுக்குள் போனதும் நேரே குசினிக்குள் போய் நின்றேன். என் இடம் எனக்குத் தெரியும். அங்கே ஒரு பானையில் சிவப்புப் பேரீச்சையும் தாமரை விதையும் சீனியும் கொதித்து, வீடெல்லாம் இனிப்பாக மணத்தது.

குசினி வாசலால் பார்த்தேன். வரவேற்பறையில் அருகருகே இரண்டு கதிரை. ஒன்றில் மாப்பிள்ளையின் இறந்துபோன தகப்பன், சட்டம் போட்ட படமாக. மற்றதில் சம்பந்தி. சிவப்புச் சட்டை. சிவப்பு உதட்டுச் சாயம். தலையில் ஒரு சிவப்புப் பூ. அவவும் யாரையாவது இருத்துவா என்றுதான் நான் இத்தனை நாளும் நம்பியிருந்தேன். யாரை என்று கேட்டதில்லை. கேட்கவேண்டிய கேள்வியாக அது எனக்குப் படவேயில்லை.

பிள்ளைகள் முழங்காலில் இருந்தார்கள். படத்தின் முன்னால் ஒரு கோப்பை வைத்தார்கள். பிறகு என் மகள் இரண்டு கையாலும் சம்பந்திக்குக் கொடுத்தாள். அவ மூன்று மிடறில் குடித்துவிட்டு, தன் கையிலிருந்த பச்சைக்கல் வளையலைக் கழற்றி என் மகளின் கையில் போட்டா. நெருக்கி நெருக்கித்தான் ஏறியது. எல்லாரும் சிரித்தார்கள். வானம் இடியவில்லை.

"இப்ப அக்கா!" என்று தன் கதிரையை விட்டு எழும்பிக் கூப்பிட்டா.

நான் தலையசைக்க, மகளின் சித்தப்பா பட்டு வேட்டியோடு போய்க் கதிரையில் அரைவாசி இருந்தார். "நீ இல்லை," என்றா சம்பந்தி. அவர் அரைவாசியில் அப்படியே நின்றார், இருப்பதா எழும்புவதா என்று தெரியாமல். மாப்பிள்ளை கோப்பைத் தட்டத்தைத் தூக்கியபடி அவரையும் தாயையும் மாறி மாறிப் பார்த்தான்.

சம்பந்தி குசினிக்குள் வந்தா. இந்த முறை சிரிப்பில்லை.

"மூன்று தரம் வேண்டாம் என்றாய். சரி. இது நாலாம் தரம். என் மகன் உனக்குப் பிடிக்கவில்லையா?"

"ஐயோ, அப்படி இல்லை."

"அங்கே பார். என் ஆட்கள் எல்லாரும் பார்க்கிறார்கள். பெண்ணின் அம்மா குசினிக்குள் ஒளிந்து நிற்கிறா. என்ன நினைப்பார்கள்? சீனன் வேண்டாம் என்று நினைக்கிறா என்றுதான்."

அதற்குமேல் ஒளிக்க முடியவில்லை. சொன்னேன். கணவரை இழந்தவள் நல்ல காரியத்தில் முன்னால் வருவதில்லை, எங்களுக்குள் அது வழக்கம், பிள்ளைகளுக்கு ஆகாது, என் மகள் நல்லாக இருக்கவேண்டும், அது ஒன்றுதான். இங்கிலிஷில் சொன்னபோது ஒவ்வொரு சொல்லும் எனக்கே புதிதாகக் கேட்டது, வேறு யாரோ ஒருத்தியைப் பற்றி முறைப்பாடு எழுதிக் கொடுப்பது போல.

அவ கவனமாகக் கேட்டா. பிறகு தன் தலைப் பூவைத் தொட்டுப் பார்த்தா.

"அப்போ நான்? பத்து நிமிஷத்துக்கு முன்னால் உன் மகளிடம் வாங்கிக் குடித்தேனே. அவளைக் கெடுத்துவிட்டேனா?"

ஓம் என்றும் சொல்ல முடியாது. இல்லை என்றால் இத்தனை வருஷமும் நான் எதற்காகப் பின்னால் நின்றேன்? இந்த மனுஷி என் முன்னால் நிற்கிறா, என் பிள்ளைக்குத் தன் வளையலைக் கழற்றிப் போட்டவ, இவவை நான் அபசகுனம் என்று சொல்லப்போகிறேனா? அவவுக்குச் சொல்லக் கூசுகிற சொல்லை எனக்கு நானே எத்தனை ஆயிரம் தரம் சொல்லியிருக்கிறேன்?

மகள் எழும்பவில்லை. முழங்காலில் இருந்தபடியே திரும்பி, எல்லாருக்கும் கேட்கச் சொன்னாள்: "அம்மா, நீங்கள் வரும்வரைக்கும் நான் இப்பிடியேதான் இருப்பன். நோகுது. கெதியா யோசியுங்கோ."

நான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நடந்தேன். பத்து அடி இருக்கும். மகளின் சித்தி என் முழங்கையைப் பிடித்தாள். "அக்கா, யோசிச்சுச் செய்யுங்கோ. நாளைக்குத் தாலி."

"யோசிச்சு யோசிச்சுத்தான் இருபத்தொரு வருஷம் பின்னால நிண்டனான். கையை விடுங்கோ."

விட்டாள். மகளின் சித்தப்பா ஒரேயடியாக எழும்பிக் கதிரையைத் தன் தோள் சால்வையாலேயே துடைத்துவிட்டார், பாவம், அந்த மனுஷனுக்கு வேறென்ன செய்வதென்று தெரியவில்லை. நான் இருந்தேன். முதுகு சாய்த்து, நிமிர்ந்து, முழுதாக. சம்பந்தி தன் கணவரின் படத்தை மெல்லத் தூக்கிப் பக்கத்து மேசையில் வைத்தா. வெறுமையான கதிரையில் புதுக் கோப்பை ஒன்றை வைத்து, "இது உன் ஆளுக்கு" என்றா. அவருக்கென்று ஓர் இடம், ஒரு நல்ல நாளில், என் பக்கத்தில். எனக்கு அப்போதுதான் கண் கலங்கியது.

மாப்பிள்ளை தட்டத்தை நீட்டினான். நெற்றியெல்லாம் வியர்வை. "அம்மா, தேத்தண்ணி குடியுங்கோ," என்றான், ஒவ்வொரு எழுத்தாய் மனப்பாடம் செய்த தமிழில். இரண்டு கையாலும் வாங்கினேன். ஆறிப்போயிருந்தது, கண்டபடி இனிப்பு. கடைசித் துளிவரை குடித்து, அடியில் கிடந்த பேரீச்சையையும் தின்றேன். கொட்டையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. சம்பந்தி தன் உள்ளங்கையை நீட்டினா, அதில் வைத்தேன்.

"அக்காவுக்கு இன்னொரு கோப்பை!" என்று கத்தினா. நான் மறுக்கவில்லை.

அன்று பின்னேரமே ஐயருக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"ஐயா, நாளைக்குத் தாரை நான்தான் வார்ப்பன்."

"அம்மா... வழக்கத்தில அப்பிடி... சித்தப்பா சித்தி இருக்கினம்தானே?"

"இருக்கினம். பக்கத்தில நிப்பினம். பிள்ளையைப் பெத்து வளர்த்தது நான் ஐயா. கையில பிடிச்சுக் குடுக்கிறதும் நான்தான்."

"சனம் கதைக்கும்."

"கதைக்கட்டும். நான் என்ன சேலை கட்டுறதெண்டு யோசிக்கிறன். நீங்கள் மந்திரத்தைப் பாருங்கோ."

அவர் இருமினார். பிறகு, "எட்டரைக்கு முகூர்த்தம். பிந்தாதேங்கோ," என்றார்.

பிந்தவில்லை. மண்டபத்தின் நடுவழியால், எல்லாக் கண்ணும் பார்க்க, மாம்பழ நிறச் சேலையில் நடந்தேன். முன்வரிசையில் இரண்டு அன்ரிமார் தலையை நெருக்கிக் குசுகுசுத்தார்கள். நின்று, திரும்பி, அவர்களுக்கு வணக்கம் சொல்லிவிட்டுப் போனேன். மணவறையில் மாப்பிள்ளையின் கை, அதன்மேல் என் மகளின் கை, பச்சை வளையலோடு. ஐயர் செம்பை யாரிடம் கொடுப்பது என்று ஒரு நொடி தடுமாறினார். நானே கையை நீட்டி வாங்கினேன்.

ஊற்றினேன். தண்ணீர் இரண்டு கைகளிலும் விழுந்து, வழிந்து, மாப்பிள்ளையின் வேட்டியை நனைத்தது. "அன்ரி, கோல்ட்!" என்று அவன் குளிரில் நெளிந்து மெல்லச் சொல்ல, மகள் சிரித்தாள்.

"போதும் அம்மா, போதும்," என்றார் ஐயர்.

செம்பில் இன்னும் தண்ணீர் இருந்தது. அது முடியும்வரை ஊற்றினேன்.