ரோமர் போட்ட தெருவில் ஒரு சனிக்கிழமை

மனைவி இறந்த பிறகும் நான் சனிக்கிழமை வேலையை விடவில்லை. லண்டன் கேனன் ஸ்ட்ரீட்டில் ஓர் அலுவலகக் கட்டடத்துக்குக் காவல். எதிர்ப்பக்க நடைபாதையோரம், கண்ணாடிக்குள் ஒரு பழைய கல் இருக்கிறது. ஆறு வருடங்கள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றும் அது என்னவென்று நான் கேட்டதில்லை.

போன சித்திரையில் ஒரு வெள்ளைக்காரர் வந்து அந்தக் கல்லை விசாரித்தார். காட்டினேன். ரோமர்கள் அதிலிருந்துதான் தெருக்களின் தூரத்தை அளந்தார்கள் என்று ஒரு கதை உண்டாம். நிச்சயமில்லையாம். நான் இருப்பது இல்ஃபோர்ட் என்றதும் அவர் முகம் மலர்ந்தது.

"ஸ்ட்ராட்ஃபோர்ட் தாண்டி உங்கள் ஊருக்கு நேராகப் போகிறதே, அந்தத் தெரு ரோமர் போட்டதுதான்."

இரண்டு மணிக்கு ஷிப்ட் முடிந்தது. ரயிலில் போனால் வீட்டுக்கு அதிக நேரம் பிடிக்காது. நேரத்தோடு போய் என்ன செய்வது? நடந்தேன். மைல் எண்ட் கடந்து, போ என்ற இடத்தில் தெருவின் நடுவே நிற்கும் தேவாலயம் கடந்து, ஸ்ட்ராட்ஃபோர்டுக்கு அப்பால் அந்த நேர்த்தெருவில் ஏறினேன். ஃபாரஸ்ட் கேட்டில் முழங்கால் மறுத்துவிட்டது. பஸ் தரிப்பில் உட்கார்ந்தேன். பக்கத்தில் மரக்கறிப் பையோடு ஒரு தமிழ்ப் பெண்.

"அண்ணை, சுகமில்லையோ? முகமெல்லாம் வேர்த்திருக்கு."

"ஒண்டுமில்லைத் தங்கச்சி. கேனன் ஸ்ட்ரீட்டில இருந்து நடந்து வாறன்."

"ஐயோ! ட்ரெயின் ஓடேல்லையோ?"

"ஓடுது."

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "வீட்டில அக்கா பாத்துக்கொண்டு இருப்பா. பஸ்ஸில ஏறுங்கோ."

"ஓம்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றும் தெரியவில்லை.

பஸ்ஸில் அவர் பேசிக்கொண்டே வந்தார். பல்லுவலி, மூன்று தரம் டிரைவிங் டெஸ்ட்டில் தவறிய மகள், பக்கத்து வீட்டு நாய். இல்ஃபோர்டில் என் தரிப்பு வந்தது. நான் எழும்பவில்லை. செவன் கிங்ஸில் அவர் இறங்கும்போது, "அக்காவைச் சுகம் கேட்டனெண்டு சொல்லுங்கோ" என்றார்.

"சொல்லுறன்."

அடுத்த தரிப்பில் இறங்கி, வந்த தெருவிலேயே நொண்டி நொண்டித் திரும்பினேன்.

வீட்டில் சப்பாத்தைக் கழற்றியபோது இரண்டு குதிக்காலிலும் தோல் உரிந்திருந்தது. மருந்துப் பெட்டி எங்கே என்று எனக்குத் தெரியாது. எப்போதும் அவள்தான் எடுத்துத் தருவாள். ஒவ்வொரு அலுமாரியாகத் திறந்து தேடினேன். குளியலறை மேல்தட்டில், அவளுடைய மருந்துக் குளிசைகளுக்குப் பின்னால் இருந்தது. குளிசைகளை ஒருபக்கமாக நகர்த்தி, பெட்டியை எடுத்தேன்.